மதினியின் சம்பந்தி வீடு

காலை ஆறு மணி இருபது நிமிடம். மேலகரத்தில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது, கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்த ஓர் அருவி. சாப்பாட்டு மேசையில் இருந்த கணினித் திரையில் அது ஓடிக்கொண்டிருந்தது. பாறையடியில் திரண்ட தண்ணீர் வெள்ளையாகப் பொங்கி, மலை உச்சிக்கு ஏறி, அங்கிருந்து வானத்துக்குள் போய் மறைந்தது. தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் அருவிக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, மல்லாந்த நிலையில் மிதந்துகொண்டிருந்தான். அது என் அண்ணன். உண்மையான அண்ணன் கையில் காபி டம்ளரோடு மேசைக்குப் பின்னால் நின்று, தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாருலே, உங்க மதினி என்னைய எங்கன ஏத்தி விட்டிருக்கான்னு" என்றான்.

மதினி திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "நான் ஏத்தல. சம்பந்தி வீட்டுல இருந்து வந்திருக்காக. கொழுந்தனாரே, செருப்பக் கழத்திட்டு வாங்க. காபி அடுப்புல இருக்கு" என்றார்.

அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். இரவுப் பணி முடிந்து முதல் பேருந்தைப் பிடித்தால், அண்ணன் சுரண்டையில் இருக்கும் தன் உரக்கடைக்குக் கிளம்பும் முன் மேலகரம் போய்விடலாம். குற்றாலத்தில் தண்ணீர் விழும் சீசன் மாதங்களில் வார விடுமுறை எனக்கு அங்கேதான் கழியும். அண்ணனோடு அருவிக்குப் போய்க் குளித்து, மதினி கையால் சாப்பிட்டு, மாலைவரை தூங்குவேன். மதினி தென்காசியில் ஒரு கல்லூரியில் கணினி கற்பித்தவர். மதியம் சாப்பிட்ட பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது தன்னால் ஆகாது என்று வேலையை விட்டவர். வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துவந்தார். மிச்ச நேரமெல்லாம் அந்தத் தீவுக்குப் போனது.

தீவு என்பது இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு பிழைப்பு விளையாட்டு. ஆடுகிறவர் தீவின் ஆளில்லாத வடக்குக் கடற்கரையில் வெறுங்கையோடு கண் விழிப்பார். விறகு பொறுக்க வேண்டும், தீ மூட்ட வேண்டும், தின்னக் கிடைப்பதைத் தேட வேண்டும், ஓநாய்க்குத் தப்ப வேண்டும். திரையின் ஓரத்தில் உயிர், பசி, ஈரம், குளிர் என்று நான்கு கோடுகள் இருக்கும். மழையில் நனைந்தால் ஈரக்கோடு ஏறும். ஈரம் ஏறினால் குளிர் ஏறும். குளிர் உச்சிக்குப் போனால் ஆள் செத்துப்போவார். அதை உருவாக்கியவர்கள் வருஷத்தில் பாதி பனி பெய்யும் நாட்டில் இருக்கும் சிறிய குழு. மழை அவர்களுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

மதினி முதல் முறை ஆடியபோது, மழை வந்ததும் வெளியே போய் நின்றிருக்கிறார். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் வேறென்ன செய்வார்? கொஞ்ச நேரத்தில் செத்துப்போனார். மறுபடி விழித்து, மறுபடி மழையில் போய் நின்று, மறுபடி செத்தார். "மழைக்கு ஒளியுததுக்கா நான் குத்தாலத்துல பொறந்தேன்?" என்று அண்ணனிடம் கேட்டுவிட்டு, அன்றே மாட் எழுத உட்கார்ந்தார்.

மாட் என்றால், விளையாட்டை உருவாக்கியவர்கள் அல்லாத வெளியாட்கள் அதற்குள் எழுதிச் சேர்க்கும் பகுதி. உருவாக்கியவர்கள் சில கதவுகளைத் திறந்து வைத்திருப்பார்கள். அவற்றின் வழியே போய் ஒரு மரத்தையோ மிருகத்தையோ, ஏன், ஒரு பருவகாலத்தையோகூட உள்ளே வைக்கலாம். மதினி வைத்தது சாரலை. வெயில் மறையாது. காற்று மேற்கிலிருந்து வரும். தண்ணீர் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் பறந்து முகத்தில் படும். நனைந்தவருக்குக் குளிர் ஏறாது, பசிதான் ஏறும். தீவின் தெற்கு மூலையில் ஓர் அருவியை வைத்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றால் அங்கே களைப்பு தீரும். கரையில் கைப்பையைப் பிடுங்கும் குரங்குகளை விட்டார். தண்ணீர் வரத்து கூடினால் சைரன் ஊதும், எல்லாரும் கரையேறிவிட வேண்டும். பக்கத்திலேயே ரொட்டிக்கடை, அதாவது புரோட்டாக்கடை. சால்னாவின் நிறம் சரியாக வருவதற்காக, செங்கோட்டைப் பக்கத்து பார்டர் புரோட்டாக் கடையில் வாங்கி வந்த சால்னாவைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் வைத்துப் படம் எடுத்தார். அதைச் சாப்பிடக் காத்திருந்த அண்ணன் அந்தக் கதையை இன்னும் சொல்லுவான்.

அந்த மாட்டைக் கட்டிக்கொடுத்த பெண் என்பார் மதினி. விளையாட்டை உருவாக்கிய குழு சம்பந்தி வீடு. நாம் பெற்று வளர்த்ததை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம், அங்கே அவர்கள் சட்டம்தான் செல்லும். சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் விளையாட்டைப் புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் பெண் ஏதாவது ஒரு குறையோடு திரும்பி வரும். ஒரு தடவை குரங்குகள் எல்லாம் நீலமாகிவிட்டன. இன்னொரு தடவை எண்ணெய் தேய்த்தவர்கள் நிற்க முடியாமல் வழுக்கிக் கடலுக்கே போய்விட்டார்கள். மதினி கணினி முன் உட்கார்ந்து சரிசெய்வார். "சீர் பத்தலன்னு திருப்பி அனுப்பிருக்காக" என்பார்.

அந்தக் குழுவின் மேல் அவருக்கு மரியாதையும் உண்டு. விளையாட்டை ஒரே தடவை விற்றவர்கள் அவர்கள். அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக வந்து வந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம வீட்டுல தண்ணி சுத்தம் பண்ணுத மிசின மாட்டிட்டுப் போனவன், பொறவு வந்து எட்டிப் பாத்தானா?" என்று மதினி கேட்டால் அண்ணன் பைக் சாவியைத் தேடப் போய்விடுவான். அந்த மிசினை வாங்கியவன் அவன்தான்.

எனக்குப் பிடித்தது அவர்கள் வெளியிடும் மாற்றங்களின் பட்டியல். பத்திரிகையில் நாங்கள் செய்த தவறு எவ்வளவு பெரிதானாலும், திருத்தம் உள்பக்கத்தின் கடைசிப் பத்தியில் நான்கு வரியில் வரும். இவர்களோ தங்கள் தவறுகளை வரிசையாக எழுதி முதலிலேயே வைத்தார்கள். மதினி மொழிபெயர்த்து வாசிப்பார். ஆடுகள் இனி மரம் ஏறாது. மீன் பிடிக்கும்போது சொந்த வீட்டைப் பிடித்துவிடும் கோளாறு சரிசெய்யப்பட்டது. இறந்தவர்கள் இனிச் சமைக்க முடியாது. எந்த வரியிலும் ஒரு சொல் மிகையாக இல்லை. எங்கள் செய்தி ஆசிரியர் இவர்களை உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்.

மதினியின் தீவுக்கு முப்பது பேர்வரை வந்துபோனார்கள். தென்காசி, செங்கோட்டை, சிவகிரிப் பக்கத்து ஆட்கள் பாதி, வெளிநாட்டிலிருக்கும் நம்மூர்க்காரர்கள் பாதி. தவறாமல் வந்தது மதினியின் தம்பி. அவன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டினான். அவனுக்கு விடுப்பு மார்ச் மாதத்தில்தான் கிடைத்தது. மார்ச்சில் குற்றாலத்தில் பாறை இருக்கும், கூட்டமில்லாத கடைகள் இருக்கும், தண்ணீர் இருக்காது. ஒவ்வொரு வருஷமும் வந்து அந்தப் பாறையைப் பார்த்துவிட்டுப் போவான். கோடைகாலத்தில் மஸ்கட்டில் வெட்டவெளி வேலையை உச்சிப்பொழுதில் நிறுத்திவிடுவார்கள். அந்த இடைவேளையில், நமக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல், அறையில் படுத்தபடி தீவுக்குள் வருவான். வந்ததும் கேட்பது ஒரே கேள்வி.

"யக்கா, தண்ணி எப்படி விழுது?"

"நல்லா விழுது. ஏலே, எண்ண தேச்சுக்கிட்டு நில்லு. போன தடவ மாதிரி மொட்டத்தலையோட நிக்காத."

"மொட்டயில தேச்சா என்ன, தேக்காட்டா என்னக்கா?"

அருவி மேலே ஏறிய அந்தக் காலையில் மதினி பார்த்துக்கொண்டிருந்தது, அடுத்து வரப்போகும் பெரிய மாற்றத்தின் சோதனைப் பதிப்பு. மாட் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு மாதம் முன்கூட்டிக் கொடுத்திருந்தார்கள். வானிலையை அடியோடு புதிதாக எழுதியிருந்தார்கள். தண்ணீர் மேலே போனது சின்ன விஷயம். ஏதோ ஒரு குறி கூட்டலுக்குப் பதில் கழித்தலாகியிருந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் மதினி அருவியைக் கீழே இறக்கிவிட்டார். அண்ணனும் கீழே வந்து சேர்ந்தான். நின்ற சற்று நேரத்தில் செத்தான்.

மதினி ஆங்கிலத்தில் இருந்த குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தார். புதிய பதிப்பில் ஈரமும் குளிரும் ஒரே கணக்கு. நனைந்தால் குளிரும் என்பதை விளையாட்டின் அடித்தளத்திலேயே எழுதி, அதை மாற்ற வெளியாட்களுக்கு இருந்த கதவை மூடிவிட்டார்கள். சிலர் மாட் எழுதிக் குளிரே படாத உடம்போடு மற்றவர்களைக் கொள்ளையடித்ததால் வந்த ஏற்பாடு அது. காரணம் நியாயமானது. ஆனால் அந்தக் கதவு வழியாகத்தான் மதினியின் சாரலும் போய்வந்தது. தீவுக்கு வாடகைக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனமும் புதியது வந்த பிறகு பழைய பதிப்பை வைத்திருக்காது. ஒரு மாதத்தில் கதவு திறக்காவிட்டால் அருவி இருக்கும், அதற்கடியில் யாரும் நிற்க முடியாது.

"ஒரு மாசந்தான். பொறவு அவன் மார்ச் மாசத்துக் கல்லத்தான் பாக்கணும்" என்றார் மதினி. குரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அடுப்பில் இட்லி வேகவைத்ததை மறந்திருந்தார். மதினி மறக்கிறவர் அல்ல.

சம்பந்தி வீட்டுக்கு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "பேப்பர்ல எழுதுத இங்கிலீஷ நமக்கும் கொஞ்சம் எழுதித் தாங்க" என்றார். எங்களுடையது தமிழ் நாளிதழ் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. நான் தலையங்கம் போல ஒன்று எழுதினேன். சாரல் என்ற சொல்லுக்கு அகராதியைப் பார்த்து, தூறலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அதைப் போட்டேன். குழுவில் வானிலைக்குப் பொறுப்பான ஆளிடமிருந்து அன்று மாலையே பதில் வந்தது. மிகவும் பணிவான பதில். உங்கள் கவலை புரிகிறது, தூறலில் குளிர் ஏறும் வேகத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம், இனி ஆட்கள் மெதுவாகத்தான் இறப்பார்கள்.

மதினி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சாரல்னா தூத்தலா, கொழுந்தனாரே? வருசா வருசம் சாரல் மழை, சாரல் மழைன்னு தலைப்புப் போடுதீக. அது மழையா?"

"பின்ன என்ன மதினி?"

"காத்துல்லா! காத்து தண்ணியத் தூக்கிட்டு வருது. தூத்தல் விழுந்தா வீட்டுக்குள்ள ஓடுதோம். சாரல் விழுந்தா வெளிய ஓடுதோம். ரெண்டும் ஒண்ணா?"

இதை எந்த ஆங்கிலத்தில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. மதினியும் எழுதச் சொல்லவில்லை. அவரே இரண்டு வரி அடித்து அனுப்பினார். இந்த ஞாயிற்றுக்கிழமை இந்திய நேரம் இரண்டரை மணிக்கு எங்கள் தீவுக்குக் குளிக்க வாருங்கள், துண்டு கொண்டுவர வேண்டாம்.

சம்பந்தி வந்தார். அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வடக்குக் கரையிலிருந்து நடந்து வந்த உருவத்துக்குத் தலைமுதல் கால்வரை கரடித்தோல். ஒரு கையில் ஈட்டி, மறு கையில் பட்டப்பகலில் எரியும் தீப்பந்தம். நாங்கள் நான்கு பேர். மேசையில் நாங்கள் மூவரும் மூன்று திரைகளில், மஸ்கட்டில் தம்பி. எங்களுக்குள் பேச்சு மைக் வழியே தமிழில் நடந்தது. சம்பந்தியோடு மதினி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார்.

"கரடித்தோலோட குளிக்க வந்த மொத ஆளு இவருதாம்ட்டி" என்றான் அண்ணன்.

"சும்மா கெடங்க. சம்பந்தி மொத தடவ வந்திருக்காரு."

மதினி எண்ணெயைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். இது தீ மூட்டுவதற்கா என்று அவர் கேட்டார். வடக்கில் எண்ணெயின் வேலை அதுதான்.

"யக்கா, அவரு கையில பந்தத்த வச்சுக்கிட்டு எண்ணய ஊத்துதாரு. பைய தள்ளி நிக்கச் சொல்லு" என்றான் தம்பி.

அதற்குள் குரங்கு பந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சம்பந்தி ஈட்டியோடு கொஞ்ச தூரம் துரத்திவிட்டுத் திரும்பினார். எண்ணெய் தேய்த்துக்கொண்டார். ஆனால் அருவிக்குள் இறங்க மனம் வரவில்லை. முன்னே ஓரடி வைப்பதும் பின்னே ஓரடி வைப்பதுமாக நின்றார். தண்ணீர் ஆளைக் கொல்லும் என்று எழுதியவரே அவர்தானே. கடைசியில் அண்ணன் பின்னால் போய் ஒரு தள்ளு தள்ளினான்.

"ஏங்க! சம்பந்திய இப்படியா தள்ளுவாக?"

"குத்தாலத்துல வேற எப்படி எறங்குவாக?"

தீவு இன்னும் பழைய பதிப்பில் இருந்ததால், நன்றாகத்தான் குளித்தார். ஐந்து பேரும் வரிசையாக நின்றோம். சாரல் பக்கவாட்டில் அடித்தது, வெயில் அடித்தது. அப்போது சைரன் ஊதியது. எங்கள் நால்வருக்கும் அது பழக்கம். தண்ணீர் கூடுகிறது என்று பாய்ந்து கரையேறினோம். சம்பந்தி மட்டும் ஏறவில்லை. அவருடைய விளையாட்டில் சைரன் ஊதினால் கொள்ளையர் வருகிறார்கள் என்று பொருள். எங்களை முதலில் தப்பிக்க விட்டு, நடு அருவியில் ஈட்டியை நீட்டிக்கொண்டு காவலுக்கு நின்றார். வெள்ளம் மேலிருந்து வந்தது. ஈட்டி முதலில் போனது, அடுத்து அவர் போனார்.

மஸ்கட்டில் தம்பி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிட்டார். அவர் திட்டியது எங்களுக்குக் கேட்டது. மதினிக்கும் சிரிப்புத்தான், ஆனாலும் கண் கலங்கியிருந்தது. "பாவம், நம்மளக் காப்பாத்தணும்னு நின்னுருக்காரு" என்றார்.

புதிதாக உயிர்பெற்று, வெறும் உடம்போடு, சம்பந்தி வடக்கிலிருந்து திரும்ப நடந்து வந்தார். தாக்கியது யார் என்று கேட்டார். யாருமில்லை, தண்ணீர் வந்தது என்றார் மதினி. தம்பி ஆற்றில் மிதந்துபோன கரடித்தோலை எடுத்து வந்து கொடுத்தான். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. நேரே அருவிக்குள் போனார், இந்தத் தடவை யாரும் தள்ளாமல். வெகு நேரம் நின்றார். பிறகு ரொட்டிக்கடையில் உட்கார்ந்து தொடர்ந்து ரொட்டியாகச் சாப்பிட்டார். ஏன் இவ்வளவு பசிக்கிறது, இது கோளாறா என்று கேட்டார். குளித்தீர்கள் அல்லவா என்று பதில் போட்டார் மதினி. அவர் இன்னொரு ரொட்டி எடுத்தார். அடுத்து வந்த வரி: நான் இவ்வளவு நேரம் நனைந்திருக்கிறேன், குளிர்க்கோட்டைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

கதவைத் திறப்பீர்களா என்று மதினி அப்போது கேட்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "பொண்ணு வீட்டுக்காரி ஒரு தடவ கேக்கலாம். வீட்டுக்கு வந்தவருகிட்டப் போயி மறுபடி கேட்டா எளப்பம்லா" என்றார்.

அதற்கடுத்த வாரங்களில் சம்பந்தி வீட்டிலிருந்து கதவு பற்றித் தகவல் எதுவும் வரவில்லை. மதினி தீவில் அருவிக்குப் பக்கத்தில் புதிதாக எதையும் கட்டுவதை நிறுத்தியிருந்தார். கட்டி முடிக்காத மங்குஸ்தான் பழக்கடை கூரையில்லாமல் நின்றது. தம்பி நாள்தோறும் வந்தான். முன்னெல்லாம் அரைமணி நேரத்தில் போய்விடுகிறவன், இப்போது இடைவேளை முடியும்வரை நின்றான்.

புதிய பதிப்பு வந்த நாளில் எனக்கு வார விடுமுறை. மேற்கே மலை தெரியாத அளவுக்கு மேகம். மதினி பட்டியலைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். ஓநாய்கள் இனிக் கதவைத் தட்டாது. படகுகள் தரையில் ஓடாது. அதற்குப் பிறகு வாசிப்பதை நிறுத்திவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். ஈரமும் குளிரும் இனி வெவ்வேறு கணக்குகள். இரண்டையும் இணைப்பதா பிரிப்பதா என்பதை அந்தந்தத் தீவை நடத்துகிறவர் முடிவு செய்துகொள்ளலாம். அதற்கடுத்த வரி: நனைவது எல்லா இடத்திலும் ஆபத்தல்ல.

அதிலும் ஒரு சொல் மிகையில்லை. ஆனால் மதினி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

பதிப்பை ஏற்றி, மாட்டை ஏற்றி, எல்லாம் சரியாவதற்கு இரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. தண்ணீர் கீழ்நோக்கித்தான் விழுந்தது. குரங்குகள் குரங்கு நிறத்தில் இருந்தன. தம்பி வந்தான். வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்காமல் நேரே போய் அருவியில் நின்றான்.

"ஏலே, எண்ண?"

"பொறவு தேக்கேன்க்கா."

ஈரக்கோடு ஏறியது. குளிர்க்கோடு இருந்த இடத்தில் இருந்தது. மதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் அண்ணனின் பைக் வாசலில் வந்து நின்றது. கடையை மதியமே அடைத்துவிட்டு, துண்டும் எண்ணெயுமாகக் குற்றாலத்துக்குப் போனவன் உலர்ந்த தலையோடு திரும்பியிருந்தான். வெள்ளம் காரணமாக அன்று எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை.